நிழல் பார்த்து வகுத்த அணி

இந்த விடயம் ஊரார் வாய்க்குப் போவதற்கு முன்னர் எனது நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை. எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் தெரிவுக் குழுவுக்கு நான் தலைவர். அணி முகாமையாளரும் நானே. கல்லூரியில் முதலாவது அணிக்குத் தலைமை தாங்கியவன். பின்னர் மத்தியஸ்தராகக் கொழும்பின் ஏறக்குறைய எல்லா மைதானங்களிலும் விசில் ஊதியவன். நான் கொடுத்த தீர்ப்பைப் பிறகு யாரும் மாற்ற நேர்ந்ததில்லை. போட்டி நாளில் நீளக்கைச் சட்டையும் மடிப்புக் குலையாத காற்சட்டையும் சப்பாத்தும் அணிந்தே வருவேன். எல்லைக் கோட்டருகே நின்று எதையும் உண்பதுமில்லை, குடிப்பதுமில்லை. வியர்வை சிந்துபவர்கள் உள்ளே இருக்கும்போது வெளியே நிற்பவன் வாயை அசைக்கக்கூடாது என்பது கல்லூரியில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுங்கு. கழகத்தில் சிலர் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்தவர்களுக்கும் அது தெரிந்திருந்தது என்பதே இங்கு முக்கியம்.

எங்கள் கழகம் இரண்டு இடத்தவர்களின் கழகம். வெள்ளவத்தையில் ஒன்றும் கொட்டாஞ்சேனையில் ஒன்றுமாக இருந்த இரண்டு கழகங்கள், தனித்தனியே பதினொரு பேரைத் திரட்ட முடியாமற்போன காலத்தில் ஒன்றாகின. அந்த ஒப்பந்தத்தோடு ஒரு வழக்கமும் வந்தது. ஒரு வருடம் வெள்ளவத்தையிலிருந்து ஆறு பேர், கொட்டாஞ்சேனையிலிருந்து ஐந்து பேர். அடுத்த வருடம் மாறும். தெஹிவளை, கிருலப்பனை ஆட்கள் வெள்ளவத்தைக் கணக்கு. முகத்துவாரத்தார் கொட்டாஞ்சேனைக் கணக்கு. கழக யாப்பில் இது எழுதப்படவில்லை. யாப்பில் எழுதியவை பலமுறை மீறப்பட்டிருக்கின்றன. இது ஒருபோதும் மீறப்பட்டதில்லை. மீறாமல் காத்தவர்களில் நானும் ஒருவன்.

நான் சொல்லும் பருவத்துக்கு முந்திய பருவத்தில் முதற்பிரிவில் இருந்து விழாமல் மயிரிழையில் தப்பினோம். இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டால் கழகம் மறுபடி இரண்டாகப் பிரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். கொட்டாஞ்சேனைப் பகுதியார் வெளிப்படையாகவே கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். வெள்ளவத்தைப் பகுதியார் கதைக்கவில்லை. கூட்டங்களுக்கு வருவதைக் குறைத்தார்கள். அந்த நிலையில்தான் முகத்துவாரத்து ஆட்டக்காரரைக் கண்டேன்.

கடலோரத்து மணற்றரை ஒன்றில், கோல் கம்பங்களுக்குப் பதிலாகப் பழைய பீப்பாய்களை வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஓடினார்கள், அவர் ஒருவர் மட்டும் நின்றார். முப்பதை எட்டிய வயது, மெலிந்த தோற்றம், வெள்ளைச் சப்பாத்து, எண்ணெய் பூசி வாரிய தலை. பந்து அவரிடம் வருவதற்கு முன்பே இரண்டு தோளுக்கு மேலாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார். பந்து காலில் பட்டதும் போய்விடும். போன இடத்தில் ஒருவன் தனியே நிற்பான். அவனுக்கே தான் தனியே நிற்பது அப்போதுதான் தெரியும்.

ஆட்டம் முடிந்ததும் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டிருந்தவரிடம் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். புறக்கோட்டையில் திரைச்சீலைக் கடையொன்றில் வேலை என்றார். முன்னர் இரண்டு கழகங்களில் இருந்தாராம். இரண்டும் அவரை விட்டுவிட்டனவாம்.

"ஏன் விட்டவை?" என்று கேட்டேன்.

"ஓடல்ல எண்டு விட்டாங்க சேர். உங்களுக்கும் முந்தியே செல்லிடுறேன். நான் ஓட மாட்டேன்."

"ஓடாமல் எப்படி விளையாடுறது?"

"பந்து ஓடுதே சேர். அதுவும் ஓடி நானும் ஓடி என்னத்துக்கு?"

இந்த வகைப் பதில்களை நான் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஆனால் அவர் சொன்னதைக் கடந்த ஒரு மணித்தியாலமாக என் கண்ணால் பார்த்திருந்தேன்.

அதற்கு முந்திய மாரிகாலத்தை ரொறன்ரோவில் மகள் வீட்டில் கழித்திருந்தேன். மகளின் கணவர் தொலைக்காட்சியில் அமெரிக்க உதைபந்தாட்டம் பார்ப்பார். பெயர்தான் உதைபந்தாட்டம், பந்தைக் காலால் தொடுவது அபூர்வம். ஆட்டம் எனக்கு விளங்கவில்லை, ஆனால் ஒன்று விளங்கியது. குவார்ட்டர்பேக் என்று ஒருவர் நடுவில் நிற்கிறார். அவரை எவரும் தொடாதபடி மலைபோன்ற ஆட்கள் சுவர் கட்டுகிறார்கள். வேகமானவர்கள் முன்னால் ஓடுகிறார்கள். அவர் பார்க்கிறார், எறிகிறார். அணி முழுவதும் அந்த ஒருவரின் ஒரு பார்வைக்காகவே பொறுக்கி எடுக்கப்பட்டிருக்கிறது. மகளின் கணவர் கையில் கோழிப்பொரியலோடு சத்தமிட்டுக்கொண்டிருக்க, நான் கழகத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். நம்மிடம் அப்படி நிறுத்துவதற்கு ஒருவர் இல்லை என்பதே அப்போது எனது கவலை. இப்போது ஒருவர் கிடைத்துவிட்டார்.

நல்ல ஆட்டக்காரர் ஒருவரைச் சேர்த்தால் அணி நல்லதாகிவிடும் என்று எண்ணுபவர்கள் அணி வகுத்ததில்லை. ஓடாத ஒருவரை நடுவில் நிறுத்தினால் அவர் ஓடாத ஓட்டத்தை வேறு இருவர் ஓடவேண்டும். ஆகவே அவரின் இருபுறமும் இரண்டு காவலர்கள் தேவை: பந்தைப் பறிப்பது, அவரிடம் கொடுப்பது, அவரை இடிக்க வருபவனைத் தாங்கள் இடித்துக்கொள்வது. அவர்களிடம் வேறு திறமை எதிர்பார்க்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஒருவரும் உடற்பயிற்சி நிலையமொன்றில் வேலை செய்யும் ஒருவரும் கிடைத்தார்கள், இருவரும் கொட்டாஞ்சேனை. கரைகளில் ஓட வேகமான இருவர் தேவை, அவர்களும் கொட்டாஞ்சேனை. எண்ணிப் பார்த்தபோது எட்டுப் பேர் அந்தப் பக்கம், மூன்று பேர் எங்கள் வெள்ளவத்தைப் பக்கம். அந்த வருடம் ஆறு பேருக்குரிய முறையோ வெள்ளவத்தையினுடையது.

விடுபட்டவர்களில் முதன்மையானவன் எனது தங்கையின் மகன். கழகத்துக்கு அதிக கோல் அடித்தவன் அவனே. ஆனால் பந்து காலில் வந்தால் இரண்டு பேரைக் கடக்காமல் விடமாட்டான். நடுவில் நிற்பவர் ஒரு கணத்தில் திறக்கும் வழி, இவன் இரண்டாவது ஆளைக் கடப்பதற்குள் அடைபட்டுவிடும். மேலதிக வீரர் வரிசையில் அவனை இருத்தினேன்.

கூட்டத்தில் பட்டியலை வாசித்து முடித்தேன். பிறகு வெள்ளவத்தைப் பகுதி மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார்.

"அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. நீங்கள் எங்கடை ஆள்தானே?"

"நான் கழகத்தின்ரை ஆள்."

"அப்ப எங்களுக்கு ஆர் ஆள்?"

கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த செயலாளர், இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், நாக்கிலும் கொஞ்சம் இரும்பு உள்ளவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "எட்டு எங்களுக்குன்னா சந்தோசந்தான் அண்ணே. ஆனா தோத்தா, எட்டுப் பேர் தோத்தாங்கன்னு எங்க தலையிலதான வரும்?"

"தோற்றால் என் தலையிலை வரும், தம்பி," என்றேன். குறிப்பேட்டில் அதைப் பதியும்படியும் சொன்னேன். பதிந்தார்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது தங்கையின் மகன், என் மருமகன், காத்துக்கொண்டு நின்றான்.

"மாமா, என்னை விட்டிட்டு அந்த ஓடாதவனைப் போடுறீங்களோ?"

"நீ பந்தை வைச்சிருக்கிறாய். அவர் விடுறார்."

"அம்மாவுக்கு என்ன சொல்லுறது?"

"இதையே சொல்லு."

தங்கை அதன்பின் சில மாதங்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

வகுத்த முறை பலித்தது. முதல் சில போட்டிகளில் எதிரணியினருக்கு என்ன நடக்கிறது என்றே விளங்கவில்லை. பந்து எங்கு சென்றாலும் கடைசியில் அந்த வெள்ளைச் சப்பாத்துக்கு வரும், அங்கிருந்து கரைக்குப் பறக்கும், கோல் விழும். பிறகு விளங்கிக்கொண்டார்கள். ஒருவரை மறிக்க மூவரை அனுப்பினார்கள். காவலர்கள் இருவரும் மஞ்சள் அட்டைகளாக வாங்கிக் குவித்தார்கள். தோல்விகள் வந்தன. கடைசிப் போட்டிக்கு வந்தபோது நிலைமை இதுதான்: நீர்கொழும்புப் பக்கத்து அணியொன்றும் நாங்களும் அடிமட்டத்தில், கடைசிப் போட்டி எங்கள் இரு அணிகளுக்கும் இடையே. சமநிலையில் முடிந்தால் நாங்கள் முதற்பிரிவில் நிற்போம். தோற்றால் அவர்கள் நிற்பார்கள், நாங்கள் போவோம்.

போட்டி குறிக்கப்பட்ட நாளில் மழை கொட்டி மைதானம் குளமாயிற்று. ஒத்திவைத்தார்கள். புதிய திகதி நோன்பு மாதத்துக்குள் விழுந்தது; முகத்துவாரத்து ஆட்டக்காரர் முஸ்லிம்.

அணி முழுவதையும் ஒருவரைச் சுற்றிக் கட்டியபோது அவரது காலை எண்ணினேன், கண்ணை எண்ணினேன், காவலை எண்ணினேன். நாட்காட்டியை எண்ணவில்லை. மாலை நான்கு மணிக்குத் தொடங்கும் ஆட்டம், நோன்பு திறக்க அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல் இருக்கும்போது முடியும். அதாவது விடியலுக்கு முன்னிருந்து தண்ணீர் படாத உடலோடு, பங்குனி வெயிலில், அவர் நிற்கவேண்டும்.

செயலாளர் வெள்ளவத்தை வரைக்கும் வந்தார். வரவேற்பறையில் இருந்துகொண்டு, கடல் பக்கத்துப் புகையிரதம் கடந்து போகும்வரை பொறுத்துப் பிறகு தொடங்கினார்.

"ஒரே ஒரு நாள் நோன்ப விடச் சொல்லுங்க அண்ணே. பிறகு புடிச்சிக்கலாம்தானே. நான் கேட்டா மூஞ்சிக்கு மேல சிரிப்பான். நீங்க கேட்டா செய்வான்."

"செய்வார் எண்டபடியால்தான் கேட்கமாட்டன்."

"அப்ப கழகம் ரெண்டாப் போகட்டும்கிறீங்க?"

"தம்பி, அவர் எங்களுக்குப் பந்தைத் தாறன் எண்டுதான் கையெழுத்து வைச்சவர். நோன்பையும் சேர்த்துத் தரேல்லை."

அவர் தேநீரை முடிக்காமல் எழுந்து போனார். நான் முகத்துவாரத்து ஆட்டக்காரரை அழைத்து, அவர் விரும்பினால் முதல் பாதியில் வெளியே இருக்கலாம் என்றேன். இரண்டாம் பாதியில் வெயில் தணியும்.

"வெளிய இருந்தா பசிக்கும் சேர்," என்றார். "உள்ளுக்கு இருந்தா மறந்திரும். நோன்பும் பிடிப்பேன், பந்தும் அடிப்பேன். ஆனா இன்னும் கொஞ்சம் கொறைய நடக்க விடுங்க."

"இதைவிடக் குறைய நடந்தால் உங்களைச் சிலை எண்டு நினைப்பினம்."

"அது நல்லம்தானே. சிலையை யாரு மறிக்கிற?"

போட்டிக்கு முந்திய நாள் மாலை அதே நேரத்தில் மைதானத்துக்குப் போனேன். கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் உள்ள அந்த மைதானத்தின் மேற்குக் கரையில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. நான்கு மணிக்கு அதன் நிழல் எல்லைக் கோட்டை ஒட்டிய ஒரு சிறு பட்டை. நேரம் போகப்போக அது உள்ளே வருகிறது. நான் குடையை ஊன்றி நின்று, அது எங்கு எப்போது வருகிறது என்று பார்த்தேன். இடைவேளையளவில் பெனால்டிப் பெட்டியின் ஓரத்தை எட்டியது. ஆட்டம் முடியும் வேளையில் நடுவட்டத்தைத் தாண்டியிருந்தது.

கோல் வலைகளைப் பார்க்க வந்த செயலாளர் என்னைக் கண்டார். "அண்ணே, சூரியனுக்கு லைன்ஸ்மனா நிக்கிறீங்க?" என்றார். கோபம் தணியவில்லை, ஆனால் பகிடி விடுமளவுக்கு இறங்கியிருந்தது. நான் விளக்கியதும் சிரிப்பை நிறுத்தினார்.

அணியை நிழலுக்குள் நகர்த்துவதே எனது திட்டம். அவர் நடுவில் நிற்கமாட்டார். மேற்குக் கரையில் நிழற்பட்டைக்குள் நிற்பார். காவலர்கள் பந்தை அங்கு கொண்டுவருவார்கள். நாணயச் சுழற்சியில் வென்றால் முதல் பாதியில் மேற்குக் கரை எமக்கு இடப்பக்கமாக வரும்படி திசையைக் கேட்க வேண்டும். வலக்காலால் அடிப்பவர் இடக்கரையில் நின்றால் மைதானம் முழுவதும் அவருக்குத் திறந்திருக்கும். இரண்டாம் பாதியில் கரை வலப்பக்கமாகும்; அது அவருக்குச் சங்கடம். ஆனால் அதற்குள் நிழல் அகன்றிருக்கும், அவரும் உள்ளே வரலாம். நேரம் செல்லச்செல்ல மைதானத்தில் அவருடைய பங்கு கூடிக்கொண்டே வரும். இதன் விலையும் எனக்குத் தெரிந்தே இருந்தது. எங்கள் கிழக்குப் பக்கம், வெயிற்பக்கம், ஏறத்தாழ வெறுமையாகும்.

நாணயச் சுழற்சியில் வென்றோம். முதல் பாதி நான் எண்ணியபடியே போயிற்று. எதிரணியினர் நடுவில் அவரைத் தேடினார்கள். அவர் சுவரில் சாய்ந்தவர்போல நிழலில் நின்று பந்தை வாங்கி வாங்கி அனுப்பினார். எங்கள் அடி ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அவரை மறிக்க நின்றவன் சிங்களத்தில் சீண்டினான்: "மல்லி, நிதிமதத?" தம்பிக்குத் தூக்கம் வருகிறதா என்று. அவர் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் உலர்ந்துவிடும் என்று இடைவேளையில் என்னிடம் சொன்னார். மற்றவர்கள் தோடம்பழச் சுளையும் தண்ணீருமாக வட்டமிட்டு நிற்க, அவர் தள்ளிப்போய்க் கட்டடத்தின் சுவரோடு கண்ணை மூடி இருந்தார். நானும் அவர் அருகில் சென்று நின்றேன்.

இரண்டாம் பாதியில் எதிரணியின் பயிற்றுவிப்பாளர் விளங்கிக்கொண்டார். வேகமான இருவரை வெயிற்பக்கத்துக்கு அனுப்பினார். வெறுமையாய்க் கிடந்த அந்தப் பக்கத்தால் ஒருமுறை வந்தார்கள், தடுத்தோம். மறுமுறை வந்தார்கள், கீப்பர் பாய்ந்து தட்டினார். மூன்றாம் முறை வலைக்குள் போயிற்று.

அதன்பின் கோட்டோரம் நின்றவர்கள் எல்லோரும் முகாமையாளர்கள் ஆனார்கள்.

"சிலையத் தூக்குங்க!"

"நடுவுக்கு வரச் சொல்லுங்க அவன!"

"எட்டுப் பேரைப் போட்டும் இந்தக் கதியோ?" இது வெள்ளவத்தைக் குரல்.

செயலாளர் என் காதருகே வந்தார். "அண்ணே, அவன எடுத்திருங்க. கால் நடுங்குது, பாருங்க."

பார்த்தேன். உண்மைதான். ஒரு பந்தை அவர் பிழையாக அனுப்பியதை அன்றைக்குத்தான் முதல்முறை கண்டேன். சற்று நேரத்தில் எதிரணி வீரர் ஒருவர் அடிபட்டு விழ, மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்தினார். முகத்துவாரத்து ஆட்டக்காரர் எல்லைக் கோட்டுக்கு வந்து கையை நீட்டினார். நான் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

"ஒரு மடக்கு குடி மச்சான். யாரு பார்க்கப் போறா?" என்றார் செயலாளர்.

"பாக்கிறவன் பாக்கத்தான் செய்றான்," என்று அவர் சொன்னார். தலையை அண்ணாந்து, நெற்றியிலும் உச்சந்தலையிலும் தண்ணீரை ஊற்றினார். உதடு இறுக மூடியிருந்தது. கையால் முகத்தை வழித்துத் துடைத்துவிட்டுப் போத்தலைத் திரும்ப என்னிடம் தந்தார். பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.

"எடுக்கட்டோ?" என்று கேட்டேன்.

அவர் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார். நிழல் நடுவட்டத்தைத் தொட்டிருந்தது. "இப்பதானே சேர் கிரவுண்ட் எனக்கு வருது," என்றார்.

நான் அவரை எடுக்கவில்லை. காவலர்களில் ஒருவரை, துறைமுகத்தில் வேலை செய்பவரை, வெளியே அழைத்தேன். மருமகனை எழும்பச் சொன்னேன்.

அடுத்த கணம் எழுந்த சத்தத்தை நான் மறக்கவில்லை. "மருமகனுக்குச் சான்ஸ்!" என்று ஒருவர் கத்த, பலர் சிரித்தார்கள். செயலாளர் தலையில் கை வைத்தார். "காவல எடுக்கிறீங்களா? அவன முழுங்கிருவானுங்க அண்ணே!" எனது தீர்மானத்தை இன்னார் என்ன நினைப்பார் என்று பார்த்து நான் எடுத்ததில்லை. அன்றைக்கு எடுக்காமல் விட்டிருந்தால் அந்தக் கூச்சலுக்காகவே விட்டவனாவேன்.

"வெயில் பக்கம் நில்," என்று மருமகனுக்குச் சொன்னேன். "அவங்கள் ரெண்டு பேரும் மேலை வந்திட்டாங்கள். பின்னாலை ஆளில்லை."

"பந்து எங்கை வரும் மாமா?"

"உனக்குப் பின்னாலை விழும். நீ திரும்பி ஓடு. வைச்சிருக்காதை."

காவல் இல்லாத அவரை உடனேயே இடித்தார்கள். ஒருமுறை விழுத்தினார்கள், எழும்ப நேரம் எடுத்தார். இன்னொருமுறை பந்து வருவதற்கு முன்பே விலகிக்கொண்டார். நிழல் வட்டத்தைக் கடந்தது. அவரும் அதனோடு கடந்தார். அவ்வளவு நேரமும் கரையில் நின்றவர் முதல்முறையாக மைதானத்தின் மத்தியில் நின்றார். பந்து வந்தது. இரண்டு தோளுக்கு மேலாலும் அந்த இரண்டு பார்வை. இடக்காலால் அடித்தார், இடக்காலால் நீளப் பந்து அடிப்பதை அதுவரை நான் கண்டதில்லை. பந்து நிழலிலிருந்து எழும்பி வெயிலுக்குள் போய் மருமகனின் தலைக்கு மேலால் கடந்து அவன் பின்னால் விழுந்தது. அவன் திரும்பி ஓடிக்கொண்டிருந்தான். அவன் முன்னால் ஒரே ஒரு பின்கள வீரர். ஆறு வயதிலிருந்து அவன் ஆட்டத்தை அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒருவரைக் கடக்க அவன் உடல் சாய்ந்தது. பிறகு நிமிர்ந்தது. வந்த பந்தை அப்படியே அடித்தான். கீப்பரின் கையில் பட்டு உள்ளே போயிற்று.

அதிலிருந்து இறுதி விசில் வரைக்குமான நேரத்தைப் பற்றி என்னிடம் ஒழுங்கான நினைவு இல்லை. பந்து எங்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. செயலாளர் எனது சட்டைக் கையைப் பிடித்திருந்தார், நான் தட்டிவிடவில்லை. விசில் ஊதப்பட்டது. ஒன்றுக்கு ஒன்று. கழகம் முதற்பிரிவில் நின்றது.

முகத்துவாரத்து ஆட்டக்காரர் நேரே சுவரோரம் போய் இருந்தார். அவருடைய நானா, அதாவது மூத்த சகோதரர், பேரீச்சம்பழமும் ஒரு பாத்திரத்தில் கஞ்சியும் கொண்டு வந்திருந்தார். பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்கும்வரை அவர் அவற்றைத் தொடவில்லை. நான் அங்கேயே நின்றேன். பாங்கு கேட்டதும் முதலில் ஒரு பேரீச்சம்பழத்தை எனக்கு நீட்டினார். பிறகு தான் ஒன்றை வாயில் வைத்தார்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டியது. அடுத்த நாள் கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் அவர் தலையை அண்ணாந்து போத்தலைப் பிடித்திருக்கிறார்; நான் அருகில் நிற்கிறேன். பக்கவாட்டில் எடுக்கப்பட்ட படம். தண்ணீர் நெற்றியில் விழுகிறதா வாயில் விழுகிறதா என்று சொல்ல முடியாது. மற்றதில் நான் மட்டும் நிற்கிறேன், கையில் அதே போத்தல். வெறும் போத்தல். யார் எடுத்தது, யார் போட்டது என்று எனக்குத் தெரியாது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. வெள்ளவத்தை 'சேர்' முதற்பிரிவுக்காக ஒரு முஸ்லிம் பிள்ளையின் நோன்பை முறிக்க வைத்தாராம். தண்ணீர் உள்ளே போனபிறகுதான் அந்தப் பந்து வந்ததாம். படங்கள் முகத்துவாரத்துக்கும் புறக்கோட்டைக் கடைகளுக்கும் போயின. கடையில் அவரைப் பார்த்துத் தண்ணீர்ப் போத்தலை ஆட்டிச் சிரித்தார்களாம். இரண்டு நாள் அவர் வேலைக்குப் போகவில்லை.

அவசரக் கூட்டம் கூடியது. அவர் குடிக்கவில்லை, நான் குடிக்கச் சொல்லவுமில்லை என்று எழுந்து நின்று சொன்னேன்.

"அப்ப போத்தல் எப்படி அண்ணே வெறுமையாச்சு?" என்று செயலாளர் கேட்டார். தானே அவரைக் குடிக்கச் சொன்னதை மறந்துவிட்டார்போலும்; நானும் நினைவூட்டவில்லை.

"நான் சொல்லிப்போட்டன்," என்றேன். என் வார்த்தைக்குப் பின்னால் சாட்சி கேட்கும் இடத்தில் நான் இருப்பதில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அந்தக் கிழமையே ஆட்டக்காரரின் தகப்பனார் எங்கள் மாடி வீட்டுக்கு வந்தார். என்னைவிட இரண்டொரு வயது கூடியவர். படியேறிய களைப்போடு இருந்தார். நோன்பு என்பதால் எதுவும் கொடுக்க முடியவில்லை. மின்விசிறியைக் கூட்டினேன்.

"ஒண்டே ஒண்டு கேட்டுட்டுப் போறேன் சேர். மகன் குடிச்சானா?"

"இல்லை."

"அவனும் அதத்தான் செல்றான்." எழுந்துகொண்டார். வாசலில் சப்பாத்தை மாட்டும்போது என்னைப் பார்க்காமலே சொன்னார்: "எனக்கு உங்கட ஒரு சொல்லு போதும். கடைத்தெருவுக்குப் போதாதே. எங்கிட்டச் செல்ல ஏலாத ஒண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, அத அவனுக்காகச் செல்லுங்க."

அவர் படியிறங்குவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. அதைச் சொல்லவேண்டிய அவசியம் எனக்கு இல்லை என்றே அதுவரை எண்ணியிருந்தேன்.

அடுத்த பருவத்துக்கும் அவர் எங்களிடமே கையெழுத்திட்டார். ஆறும் ஐந்துமான வழக்கம் திரும்ப வரவில்லை. படங்களும் நிற்கவில்லை, ஒவ்வொரு நோன்பு மாதத்திலும் யாரோ ஒருவர் அவற்றை மறுபடி அனுப்புகிறார். ஆகவே எழுத்தில் தருகிறேன். அவர் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். ஒரு துளியும் அவர் வாய்க்குள் போகவில்லை. போத்தல் பாதிக்கு மேல் நிறைந்த நிலையில் என் கைக்குத் திரும்பியது. கோலுக்கும் இறுதி விசிலுக்கும் இடையில், எல்லைக் கோட்டில் நின்றபடி, அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தவன் நான்.